பிள்ளையின் பகலும் இரவும்

சுவாமிமலையில் கைக்குழந்தையின் நாளை நடத்த யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. கோயிலில் காலசந்தி மணி அடிக்கும்போது வீட்டில் மூத்தவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வெயிலில் வைப்பாள். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, தேய்த்துவிட்டு, வெந்நீர் ஊற்றித் துவட்டித் தாயிடம் கொடுப்பாள். அது வயிறு நிறையக் குடித்துவிட்டு உச்சிக்காலம் வரை தூங்கும். சாயரட்சை நேரத்தில் அத்தையோ சித்தியோ தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வருவார்கள். அர்த்தசாம பூஜை முடிந்து நடை சாத்தினால் தெரு அடங்கிவிடும், கூடத்து விளக்கையும் அணைத்துவிடுவார்கள். ஊர் பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. ஆடியானாலும் மார்கழியானாலும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். சூரியனும் கோயில் மணியும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது.

என் மகள் பிறந்தது நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், ஜூன் மாதத்தில். அங்கே அப்போது விடியற்காலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் வந்துவிடும், இரவு பத்து மணி அளவில்தான் மறையும். டிசம்பரில் நேர்மாறு, பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பில் சுரக்கும் மெலடோனின் அதற்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பிறந்த பிறகு சொந்தமாக ஒரு சுழற்சி அமைய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை இரவுத் தாய்ப்பாலில் உள்ள மெலடோனின் கொஞ்சம் கைகொடுக்கும். வெளிச்சமும் இருட்டும்தான் மீதியைச் செய்ய வேண்டும். 'ராத்திரியும் பகலும் மாறிக் கிடக்கு, கொஞ்ச நாள்ல சரியாயிடும்' என்று ஊரில் சொல்வது அனுபவ உண்மை. ஆனால் அந்தக் 'கொஞ்ச நாளை' அங்கே ஊர்ச் சூரியன் கடத்திவிடுகிறது. ஐந்தோவனில் நாங்கள் இரண்டு பேர் கடத்த வேண்டியிருந்தது.

ஆகவே முதலில் திரைச்சீலை. பகல் தூக்கத்துக்கு அதைத் திறந்தே வைத்தோம். சமையல், பேச்சு, மிக்ஸி எதையும் பிள்ளைக்காக நிறுத்தவில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகளின் அரமும் உளியும் இழைக்கும் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள் நான். இரவில் கும்மிருட்டாக்கும் கனத்த திரை, தரையோரம் ஒரு மங்கல் விளக்கு. டயப்பர் மாற்றும்போதும் பேச்சில்லை, கொஞ்சல் இல்லை. வெயில் அடித்தாலும் தூறினாலும் தினமும் தள்ளுவண்டியில் வைத்து வெளியே அழைத்துப் போனோம். அந்த நாட்டில் பிறந்த எட்டாம் நாளிலிருந்து குழந்தைக்குத் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்வார்கள். வெயிலில் வைத்த எண்ணெய்க் கிண்ணத்தை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது ஆள். நெதர்லாந்தில் 'க்ராம்ஸோர்க்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிரசவமான வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் முதல் எட்டு நாள், தேவைப்பட்டால் பத்து நாள் வரை, தினமும் வந்து பல மணி நேரம் கூடவே இருப்பார். மொத்தம் குறைந்தது 24 மணி நேரம், அதிகம் போனால் 80. அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடக்கம், மணிக்கு ஒரு சிறு தொகை மட்டும் நாம் கட்ட வேண்டும். எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயது தாண்டியவர். பிள்ளையின் எடையும் சூடும் பார்த்தார், என் தையலைப் பார்த்தார், குளியலறையைக் கழுவினார். வந்த விருந்தாளிகளுக்கு அந்த ஊர் வழக்கப்படி சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொடுத்து, நேரமானதும் எழுப்பி அனுப்பினார். மத்தியானம் என்னைக் கட்டாயமாகப் படுக்க வைத்தார். ஒரு அரசாங்கம் பச்சை உடம்புக்காரியின் தூக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் படுக்கையில்தான் உணர்ந்தேன். அந்த நன்றி எனக்கு இன்றும் தீரவில்லை.

ஒரு தாள் கொடுத்து எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்: எப்போது குடித்தாள், எந்தப் பக்கம், எத்தனை முறை ஈரம். 'இப்போதைக்குத் தாள் உனக்கு, பிள்ளைக்கு இல்லை' என்றார். முதல் வாரங்களில் 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பு. சாயங்காலம் அரை மணிக்கு ஒருமுறை கேட்பதும் இயல்பு, அதற்குப் பால் போதவில்லை என்று பொருளில்லை. முதல் நாட்களில் எடை சற்றுக் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஈரத் துணியும் எடையும் சரியாக இருந்தால் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. சில வாரம் கழித்து, பிள்ளை கொஞ்ச நேரம் விழித்திருக்கத் தொடங்கியதும் ஒரு வரிசைக்குக் கொண்டு வரலாம் என்றார்: விழிப்பு, பால், விளையாட்டு, தூக்கம். பிறகு மறுபடி விழிப்பு.

டச்சுக்காரர்கள் மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்வார்கள்: அமைதி, தூய்மை, ஒழுங்கு. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே பிள்ளை வளர்ப்புக்கு அதுதான் அடிப்படை. சாரா ஹார்க்னஸ், சார்ல்ஸ் சூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத டச்சுக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட நாளுக்குச் சுமார் 2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒழுங்கு என்பது எளிதாகக் கொடுமையாகவும் மாறும். நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் 1907இல் தொடங்கிய பிளங்கெட் சங்கம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் பாலே கிடையாது என்று தாய்மார்களுக்குக் கற்பித்தது. அந்தப் பாடம் பிரிட்டனுக்கும் போய் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை அழவிட்டது. 1942இல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் சிம்சாரியன் என்ற தாயும் பிரெஸ்டன் மெக்லெண்டன் என்ற மருத்துவரும் நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள். கேட்டபோதெல்லாம் பால் கொடுத்து, முதல் 12 வாரத்தைக் குறித்து வைத்து வெளியிட்டார்கள். கேட்டபோது கிடைத்த பிள்ளை தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: பசியை மணிக்குக் கட்டிப்போடக் கூடாது.

அப்படியானால் வரிசை எதற்கு? எங்கள் தெருவில் ஐம்பொன் வார்க்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு, நிழலில் உலர்த்தல், பிறகு அடுத்த பூச்சு. அது காய்ந்த பின் சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் மண் காய எத்தனை நாள் ஆகும் என்று எந்த ஸ்தபதியும் முன்கூட்டிச் சொல்லமாட்டார். ஆனால் ஈர மண்ணுக்குள் உலோகத்தை ஊற்றவும் மாட்டார். பிள்ளையின் நாளும் அப்படித்தான். இன்று ஆறுக்கு விழிக்கும், நாளை ஏழரைக்கு விழிக்கும். விழித்ததும் பால், பிறகு சிறிது நேரம் முகம் பார்த்துப் பேச்சு, கண் தளர்ந்தால் படுக்கை. இது மாறாமல் இருந்தால் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிகிறது. அழுகையில் அவசரம் குறைகிறது. நமக்கும் அது எதற்கு அழுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபமாகிறது: இப்போதுதானே குடித்தாள், அப்போது இது பசி இல்லை, தூக்கம்.

அந்த அடையாளங்களை என் கணவர் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். பசிக்குத் தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடுவாள், கையை வாய்க்குக் கொண்டுபோவாள். அழுகை கடைசியில்தான் வரும், அதுவரை காத்திருந்தால் மார்பில் வாய் பொருத்துவதே கஷ்டம். தூக்கத்துக்குப் புருவம் சிவக்கும், பார்வை விலகும். மகன் சொல்லத் தகப்பன் கைகட்டிக் கேட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு அதைப் பார்ப்பது நிறைவாக இருந்தது.

அம்மா சில வாரம் கழித்துத்தான் வர முடிந்தது. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதனால் அவள் வருகையை நான் வேலைக்குத் திரும்பும் நாளை ஒட்டி வைத்துக்கொண்டோம். வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, "மணி பாத்தா பிள்ளைக்குப் பால் குடுக்குறது? வாயப் பாருடி" என்றாள். அந்த டச்சுப் பெண்மணி சொன்னதும் அதுதான் என்றேன். "பின்ன, அவளும் பிள்ள பெத்தவதானே" என்று முடித்துவிட்டாள்.

அம்மா கொண்டு வந்ததில் எண்ணெய்க் குளியல் மட்டும் அப்படியே நிலைத்தது, ஆனால் சாயங்காலத்துக்கு மாறியது. என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் குளியல், பால், இருட்டறை, தூக்கம். நாள் முடிந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. உரைக்கல்லும் வசம்பும் ஜாதிக்காயும் அலமாரியில் இருந்தன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடாது என்று குழந்தை நல மையத்தில் சொன்னதை அம்மா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள். தூளிக்கென்று நைந்த நூல் புடவை ஒன்றும் கொண்டு வந்திருந்தாள். அதை மட்டும் கட்ட நான் விடவில்லை. 1987இல் குஸ் டி யோங்க என்ற டச்சுக் குழந்தை மருத்துவர், குப்புறப் படுக்கவைப்பதற்கும் தொட்டில் மரணத்துக்கும் உள்ள தொடர்பை எச்சரித்தார். அதன் பிறகு அந்த நாட்டில் அப்படி இறக்கும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். மல்லாந்து, சமமான கெட்டி மெத்தையில், தலையணையும் போர்வையும் இல்லாமல், உறங்கு பைக்குள். தூளியில் கழுத்து மடங்குவது அந்த விதிக்கு ஒத்துவராது. அம்மா அந்தப் புடவையை மடித்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளையை அதில் வைத்து ஆராரோ பாடினாள். கண் சொருகியதும் நான் எடுத்துக் கட்டிலில் மல்லாத்தினேன்.

அங்கே பிரசவ விடுப்பு 16 வாரம்தான், அதிலும் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடும். நம் நாட்டில் 2017 முதல் சட்டம் 26 வாரம் தருகிறது. இந்த ஒன்றில் நாம் முன்னே நிற்கிறோம். ஆனால் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்வரை, பால் கொடுக்கவோ எடுத்து வைக்கவோ வேலை நேரத்தில் கால் பங்கு வரை சம்பளத்தோடு ஒதுக்கிக்கொள்ள டச்சுச் சட்டம் உரிமை தருகிறது. அதை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. பகல் காப்பகத்தில் கொடுத்த படிவத்தில் பால் நேரம், தூக்க நேரம் என்று கட்டங்கள் இருந்தன. வரிசையை எழுதி, பக்கத்தில் 'நேரம் அவள் சொல்வாள்' என்று எழுதிக் கொடுத்தேன். கைக்குழந்தைகளை அங்கே அவரவர் போக்கிலேயே விடுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும் குறிப்பேட்டைப் பார்த்து, கடைசித் தூக்கம் எப்போது முடிந்தது என்று தெரிந்துகொண்டு இரவை அமைத்துக்கொள்வோம்.

அக்டோபர் கடைசி ஞாயிறில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். அதற்கு முந்தைய சில நாட்களில் கால் மணி கால் மணியாகக் குளியலைத் தள்ளினோம். ஜனவரியில் சுவாமிமலைக்கு வந்தபோது நாலரை மணி நேர வித்தியாசம். கால் மணிக் கணக்கெல்லாம் அதற்குப் போதாது. வந்த அன்றே ஊர் நேரத்துக்கு வரிசையைத் தொடங்கி, காலை வெயிலில் முற்றத்தில் விட்டோம். அந்த வாரத்துக்குள் அடங்கிவிட்டாள்.

அப்போதுதான் சித்தி மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். பெருங்குடியில் பத்தாவது மாடி, இரண்டு மாதக் கைக்குழந்தை, பகலில் அவளும் பிள்ளையும் மட்டும். "எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தூக்கம், நீ போட்ட டைம் டேபிளை அனுப்புக்கா" என்றாள். வரிசையை அனுப்பினேன். ஆனால் வரிசையைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். 2011 முதல் நாட்டின் பல பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் 42 நாளுக்குள் ஆறு முறை வீட்டுக்குப் போய்ப் பிறந்த குழந்தையைப் பார்க்கும் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம்தான். எடை பார்ப்பார்கள், ஆபத்து அறிகுறி பார்ப்பார்கள். தாய் தூங்கும்வரை பிள்ளையை வைத்துக்கொள்ள அந்த வருகையில் இடமில்லை. கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நாம் இன்னும் திட்டம் போடுகிறோம். குடும்பமோ பத்தாவது மாடிக்குப் போய்விட்டது. டச்சுக்காரர்கள் செய்வதுபோல முதல் பத்து நாளுக்காவது ஒரு கையை வீட்டுக்கு அனுப்ப நம் அரசுகளாலும் முடியும், செய்ய வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "சித்தி, சீர், நகை எதுவும் இப்ப வேண்டாம். பெருங்குடிக்குப் போய் ஒரு மாசம் இருங்க. மத்தியானம் பிள்ளையை வாங்கிக்கிட்டு அவளைத் தூங்க விடுங்க."