மாட்டுக்குப் புல்லறுக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ஒஹிய மலைச்சரிவில் புல்லறுக்கும்போது பினரப் பூச்செடிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு அறுக்கிறீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். ஏன் என்று கேட்டதற்கு, "பூத்து நிக்கிறத எப்படிப்பா அறுக்கிறது? காய் காயட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றீர்கள். புல்லுக்கட்டோடு லயத்துப் பக்கம் இறங்கிவிட்டீர்கள். பெரகல வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

முழங்கால் உயரச் செடி. இலையில் நரம்புகள் தடித்து நீளவாக்கில் ஓடும். நீலமும் ஊதாவும் கலந்த ஐந்து இதழ்; நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள். அந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சின்னத் துளை மட்டும் உண்டு. வண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். இவ்வளவும் நடந்து, காய் முற்றி உலர்ந்தால்தான் தூசி போன்ற விதை மண்ணில் விழும். பூவோடு அறுத்துவிட்டால் விதைக்கு எங்கே போவது? நீங்கள் காத்திருக்கும் அந்தச் சில வாரம்தான் செடிக்கு அடுத்த தலைமுறை.

தாவரவியலில் இதற்கு எக்சாகம் டிரைநெர்வியம் என்று பெயர். இலங்கைக்கே உரியது; அதில் பெரிய பூ விடும் இந்த வகை நமது மலைநாட்டு உயரங்களை விட்டு இறங்காது. யேமனின் சொகோத்ரா தீவில் பிறந்த இதன் சொந்தக்காரச் செடி, தொட்டியில் ஏறி உலகமெங்கும் விலைபோகிறது. நம்முடையதற்கோ பத்தனைப் புல்வெளியும் காட்டோரமும்தான் கதி. அந்தப் புல்வெளியிலும் எவ்வளவோ தேயிலைக்குப் போனது, பிறகு பைனஸுக்கும் யூகலிப்டஸுக்கும் போனது. வெயில் காலத்தில் தீ வேறு.

ஒஹியவுக்குப் பக்கத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே பூப் பறிக்கத் தடை உண்டு, காவலர்களும் உண்டு. எல்லைக்கு வெளியே, நீங்கள் புல்லறுக்கும் சரிவில், உங்கள் கைதான் காவல். மலைக்காடு அழிந்த கதையில் தோட்டத்து ஆட்களின் பேர் கோடாரியோடு மட்டுமே வருகிறது. மிஞ்சியதைக் காப்பாற்றியவர்கள் என்றும் அவர்கள் பேர் எழுதப்பட வேண்டும், நான் எழுதுகிறேன்.

செப்டம்பரில் பெரகலப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு வரலாமா, அக்கா? எதை அறுக்கலாம், எதை விடவேண்டும் என்று நீங்களே காட்டிக்கொடுங்கள். அன்றைக்கு மாட்டுக்கு வேண்டிய புல்லை நாங்கள் கட்டித் தருகிறோம்.

அன்புடன்,
பெரகலயிலிருந்து உங்கள் தம்பி