ஓ.டி.பி. கடலுக்குப் போயிருக்கிறது

மே 4, 2025, ஞாயிறு

இன்று கடை திறக்கவில்லை. அக்கா மகளுக்கு நீட். கடலூரில் சென்டர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக பஸ் பிடித்து நான் போய்ச் சேரும்போதே பள்ளிக்கூட வாசலில் கூட்டம். பரீட்சை என்னவோ இரண்டு மணிக்குத்தான். மகளின் கம்மலையும் கொலுசையும் கழற்றி அக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள். காலையிலிருந்து அவள் கை அந்த முடிச்சை விட்டு நகரவில்லை.

ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்தவள், "பிசிக்ஸ் போச்சு மாமா" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. 180 கேள்விக்கு 180 நிமிஷம். தப்பாக எழுதினால் ஒரு மார்க் கழியும் என்ற பயத்தில் நிறைய விட்டுவிட்டாளாம்.

நானும் ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வுக்காரன்தான். 1996. அப்போது கணக்கு 300க்கு: பிளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் வந்த தேர்வு அது. கிராமத்துப் பிள்ளைகள் கோச்சிங்குக்கு எங்கே போவார்கள் என்று சொல்லி 2007இல் எடுத்தார்கள். பத்து வருஷத்தில் நீட் வந்து நின்றது. இடையில் பிளஸ் டூ முடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கும் அவளுக்கும் சேர்த்து பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். எனக்கு சீட் கிடைக்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, டி.டி.பி. கற்று, இன்று சிதம்பரம் மேல வீதியில் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின்.

மே 8

பிளஸ் டூ ரிசல்ட். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நிற்க இடமில்லை. கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கணக்கு 86, பிசிக்ஸ் 74, கெமிஸ்ட்ரி 78. "கணக்கு அப்படியே, மத்த ரெண்டும் பாதி" என்று நம் இன்ஜினியர் விரல்விட்டு எண்ணி, 162 என்று கட்ஆஃப் எழுதிக் கொடுத்தான்.

இன்ஜினியர் என்பது கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஊர் வைத்த பெயர். 2019இல் மெக்கானிக்கல் முடித்தவன். சென்னையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அதைப் பற்றிக் கேட்டால் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவான்.

மே 22

கிள்ளைப் பையன் அம்மாவோடு வந்தான், இன்ஜினியரிங் விண்ணப்பம் போட. போட்டோ, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் சரி. உதவி பெறும் பள்ளியில் படித்தவன், அதனால் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீதம் கிடையாது. மிச்சம் இருப்பது முதல் பட்டதாரி சலுகை. கல்விக் கட்டணத்தில் பெரிய தொகை கழியும்.

"வீட்டுல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களாம்மா?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "முடிச்சிருக்காளே தம்பி! பெரியவ பி.எஸ்சி. எங்க தெருவுலயே மொதல் பொண்ணு அவதான்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா பட்டதாரி என்றால் இவனுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இன்ஜினியர்தான் சொன்னான். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ படிச்சது தப்பா தம்பி?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

கேள்வித்தாளில் தோற்றுப் போகிற பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என் கடையில் நான் பார்ப்பது படிவத்தின் ஒரு கட்டத்தில் நின்றுபோகிறவர்களை. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல். அதற்கே ஒரு பிள்ளை மூன்று நாள் அலைந்தது.

ஜூலை 1

ஆனித் தேர். மேல வீதிக்குத் தேர் வரும் நேரம் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். தரவரிசைப் பட்டியலைப் பார்க்க வந்த பிள்ளைகளும் வெளியே நின்று தேர் பார்த்தார்கள். இன்ஜினியர் மட்டும் உள்ளே, வாசலோர வெளிச்சத்தில், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வைத்துக்கொண்டு. பி.இ. படித்தவன் ஆறிலிருந்து பத்து வரை மறுபடி படிக்கிறான். அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சைக்கு அதுதான் வழி.

என் அப்பா காலத்தில் இந்த ஊரில் வேலை என்றால் யூனிவர்சிட்டிதான். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. உள்ளே ஒரு கிளார்க் வேலை கிடைத்துவிட்டால் பெண் கொடுக்க நான் நீ என்று வருவார்கள். 2013இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, ஆள் அதிகம் என்று எத்தனையோ பேரை வெளியூர் அரசு அலுவலகங்களுக்கு மாற்றினார்கள். எதிர் வீட்டுக்காரர் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருகிறார்.

அக்கா போன் செய்தாள். மகள் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்துவிட்டாளாம். நீட் ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு பயத்தில் அங்கேயும் விண்ணப்பித்து வைத்திருந்தோம். "அடுத்த வருஷமும் எழுதுவாளாம்டா" என்றாள். சந்தோஷமா சலிப்பா என்று குரலில் பிடிபடவில்லை.

ஜூலை 12, சனி

குரூப் 4. அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். ஒன்பது மணிக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று இன்ஜினியர் விடியற்காலையிலேயே கடலூருக்குக் கிளம்பிவிட்டான். இரண்டு கருப்பு பால்பாயிண்ட் பேனா, ஹால் டிக்கெட், ஆதார் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸுக்கும் கல்லாவில் இரண்டு ரூபாய் போட்டிருந்தான்.

மதியம் வந்து, "கணக்கு ஓகே அண்ணே. தமிழ்தான் கவுத்துடுச்சு" என்றான். ஆறாம் வகுப்புப் புத்தகம் மேஜை மேலேயே கிடந்தது. நானும் எடுத்து வைக்கவில்லை, அவனும் எடுத்து வைக்கவில்லை.

ஜூலை 27

இரண்டாம் சுற்று கவுன்சலிங். கிள்ளைப் பையன் மாலை ஐந்து மணிக்கு வந்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. அவன் அப்பா நம்பருக்குப் போகும். அப்பா முடசலோடைப் படகில். விண்ணப்பம் போட்ட மே மாதத்தில் மீன்பிடித் தடைக்காலம், மனிதர் வீட்டில் இருந்தார். எந்த நம்பர் கொடுக்கலாம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. என் தப்பு அது. இனிமேல் கரையில் இருப்பவர் நம்பர்தான் வாங்க வேண்டும்.

"கடல்ல டவர் கிடையாது சார். ஏழு மணிக்கு மேல கரைக்கு வருவாங்க."

காத்திருந்தோம். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று இன்ஜினியரும் அவனும் ஒரு நோட்டில் எழுதி அடித்து எழுதினார்கள். பையன் மெக்கானிக்கல் என்றான். இன்ஜினியர் மறுத்துச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "லேப் நல்லா இருக்கான்னு நேர்ல போய்ப் பாரு" என்றதோடு சரி.

ஏழரைக்கு போன். பின்னால் இன்ஜின் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். அப்பா ஒவ்வோர் எண்ணாகக் கத்தினார். நேரம் தாண்டி முதல் ஓ.டி.பி. செத்துப்போனது. இரண்டாவதில் உள்ளே நுழைந்தோம். 34 கல்லூரிகளை வரிசையாகப் போட்டு முடிக்க ஒன்பதாகிவிட்டது.

ஷட்டரை இறக்கப் போனேன். "ஒரு நிமிஷம் அண்ணே, குரூப் 2க்கு அப்ளை பண்ணிடுறேன்" என்று இன்ஜினியர் திரும்ப உட்கார்ந்தான். செப்டம்பர் 28 பரீட்சையாம். போட்டோவின் அளவைக் குறைத்துக்கொண்டே, "இந்த பிரிண்ட்டையும் கணக்குல எழுதிக்கவா?" என்றான்.