மச்சானின் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள்களைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது கண்டு, நம்மிடம் மத்ரஸாவில் ஓதியோர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சென்ற ஆண்டு ஷார்ஜாவில் தங்கிய இருபது நாட்களில் நஹ்வு, ஸர்ஃபைக் காட்டிலும் அவற்றையே நாம் அதிகம் ஆராய்ந்தோம்.

மர்ஹூம் மச்சான் விட்டுச் சென்றது யமஹா எக்ஸ்.டி. 500. அவர் மகன் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது ஹோண்டா எக்ஸ்.எல். 500 எஸ். தார்ச்சாலைக்கும் மணலுக்கும் பொதுவாக ஜப்பானியர் சமைத்த பழைய வண்டிகள். இரண்டுக்கும் ஒற்றைச் சிலிண்டர்; முன்னது 499 சி.சி., பின்னது 497. மருமகனுக்கு வேலை போய்விட்டது. கடன் கழுத்தை நெரித்தது. "எதை விற்கலாம் மாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது அல்லவா? முதலில் யமஹாவைக் கிளப்ப முயன்றோம். கைப்பிடியிலுள்ள சிறு நெம்புகோலை அழுத்தி, உதைமிதியை மெல்ல நகர்த்தி, எஞ்சின் தலையிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் குறி தோன்றிய பிறகே உதைக்க வேண்டுமாம். நாம் குறியைக் காணுமுன் உதைத்தோம். அது திருப்பி உதைத்தது! கணுக்காலில் ஒரு வாரம் தைலம்.

ஹோண்டாவோ சில ஆண்டுகள் பிந்தி வந்தது. முன்னதன் குறைகளை உணர்ந்து செய்தாற்போல் இருந்தது. உதைமிதியோடு அழுத்தம் தானே தளர்கிறது. அதிர்வை ஈடுகட்ட எஞ்சினுள்ளே இரு சமன் தண்டுகள் சுழல்கின்றன. யமஹாவில் ஒன்றுமில்லை, பின்னே அமர்ந்தவருக்குப் பல்லும் ஆடும். ஆனால் ஹோண்டாவின் முன்சக்கரம் 23 அங்குலம். அந்த அளவில் டயர் தேடி மருமகன் அலைந்த கதை பெரிது. யமஹாவுக்கு வழக்கமான 21 அங்குலம்தான்.

யமஹாவுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் டக்கார் பந்தயத்தில், ஸஹ்ராவைக் கடந்து ('ஸஹ்ரா' என்றாலே பாலைதான், 'சகாரா பாலைவனம்' என்போர் கவனிக்க), மண்ணால் எழுந்த மினாரா நிற்கும் அகதேஸ் வழியே செனகலை அடைந்து வென்றவர் சிரில் நெவு. அவர் ஏறிச் சென்றது இவ்வகை வண்டியே. 1980-இலும் அவ்வாறே.

ஆயினும் நம் அறிவு ஹோண்டாவின் பக்கமே சாய்ந்தது. வாய் திறக்குமுன் வேறொன்று உறைத்தது. யமஹா வாரிசுச் சொத்து. தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, தங்கைக்கும் பங்குண்டு. மருமகன் தனியே விற்க ஏது உரிமை? ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம்.

ராத்தா நெடுநேரம் மௌனமாயிருந்தார்கள். பிறகு, "அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சோற்றை இறக்குவேன், தம்பி" என்றார்கள்.

வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் ஹோண்டாவை வாங்க ஆள் வந்தார். ஒரே உதையில் கிளம்பிற்று. மருமகன் அதைப் பார்க்கவில்லை. யமஹாவின் சாளரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.