பச்சைக் குழாய்

பாரிஸுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் ஆபீஸ் செலவில். லூவருக்குள் இன்னும் காலே வைக்கவில்லை என்றால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். மீட்டிங் முடிந்ததும் போனை பாக்கெட்டில் போட்டுவிட்டு நடப்பதுதான் எனக்குப் பிடித்தது.

அங்கே தொலைந்துபோவது கஷ்டம். 1805ல் கொண்டுவந்த கதவெண் முறை இன்னும் வேலை செய்கிறது. ஸேன் ஆற்றை விட்டு விலகும் தெருவில் ஆற்றுப்பக்கம் ஒன்று தொடங்கும். ஆற்றோடு ஓடும் தெருவில் நீரோட்டத்தின் திசையில் எண் ஏறும். இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை. எங்கள் கணபதியில் 14க்குப் பக்கத்தில் 14ஏ, அதற்கடுத்து 203. கொரியர்காரர் டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போன் அடிப்பார்.

அன்று எண் ஏறும் பக்கமாக நடந்து லா ஷப்பேல் போனேன். தலைக்கு மேல் மெட்ரோ ஓடும். கீழே முருங்கைக்காய், புடவைக்கடை, தமிழ்ப் பலகைகள். டீக்கு நின்ற கடையில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், "தம்பி எவ்விடம்?" என்றார்.

"கோயமுத்தூருங்க. கணபதி."

"கணபதி எண்டு ஊரே இருக்கோ! அவர் இஞ்சயும் பக்கத்திலதான் இருக்கிறார்" என்று மாணிக்க விநாயகர் கோயிலுக்கு வழி சொன்னார். 1985ல் தொடங்கிய கோயில். நடை சாத்தியிருந்தது. வெளியிலிருந்தே ஒரு கும்பிடு.

அப்படியே கிழக்கே நடந்து, சென் மார்த்தான் கால்வாய்ப் பக்கம் வந்தபோது தாகம். மர நிழலில் ஒரு பச்சைக் குழாய். நான்கு பெண்கள் ஒரு கும்மட்டத்தைத் தாங்கி நிற்கிறார்கள், நடுவில் நூல்போலத் தண்ணீர் விழுகிறது. வாலஸ் நீரூற்று. 1870-71 முற்றுகைக்குப் பிறகு ஊரில் குடிநீருக்குத் திண்டாட்டம். ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சொந்தக் காசில் 1872 முதல் வைத்தவை. உயரம் 2.71 மீட்டர், எடை 610 கிலோ. வார்ப்பிரும்பு.

வார்ப்பிரும்பு என்றதும் கை தானாகப் போய்விட்டது. அப்பா கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பது வருஷம் மோல்டர். பம்புசெட் உடல் வார்ப்பார்கள். பெட்டியில் மண்ணை இடித்து, பேட்டர்னை அசைக்காமல் எடுக்கிற கை. எந்த இரும்பைப் பார்த்தாலும் தடவி, ரெண்டு பெட்டி சேர்ந்த கோடு எங்கே என்று தேடுவார். ரோட்டில் சாக்கடை மூடியைக்கூட விடமாட்டார். கூடப் போக எனக்கு மானம் போகும். காலேஜ் ஹாஸ்டலுக்கு அவர் வந்த அன்று நகக்கண்ணில் கரி இருந்தது. சிநேகிதர்களிடம், "அப்பா கம்பெனில சூப்பர்வைசர்" என்றேன். அவர் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பாரிஸிலிருந்து முதல்முறை போன் செய்தபோது, "என்னத்தடா சாமி பாத்தே?" என்றார். "ஒண்ணுமில்லீங்ப்பா, வேலை" என்று வைத்துவிட்டேன். இரண்டாம் முறை போகும்போது அவர் இல்லை.

அந்தப் பெண்ணின் புடவை மடிப்பில், பெயின்டுக்கு அடியில், கோட்டைத் தேடினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பின்னால் பாட்டிலோடு ஒரு அம்மாள் காத்திருந்தார். கிடைக்கவில்லை. நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்.

போட்டோ எடுத்து அப்பாவின் நம்பருக்கு அனுப்பினேன். அந்தப் போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "தண்ணி நல்லா இருந்துச்சா கண்ணு?"

"சிறுவாணி மாதிரி வருமாங்ம்மா" என்றேன்.