கடலோரத்தில் நான்கு இரவுகள்

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது பெயர் மட்டும் தெரிந்த தூரத்து உறவு. எங்கள் பிள்ளைகள் அறிந்த நீர்நிலைகள் சர்வதீர்த்தக் குளமும் சுற்றுப்புறத்து ஏரிகளுமே. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. அந்த ஆறு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே சென்று கடலில் கலக்கிறது என்று பாடநூலில் படித்துவிட்டு, "நம் ஆறு போய்ச் சேரும் கடலை நாம் ஏன் பார்க்கவில்லை?" என்று எங்கள் வீட்டுச் சிறியவன் ஒருநாள் கேட்டான். சென்னை எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவுதான். கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் எத்தனையோ முறை சென்று வந்திருக்கிறோம். ஆனால் காலையில் போய் இரவில் திரும்புகிறவர்களுக்குக் கடற்கரையில் கிடைப்பது ஒரு மணி நேரமும் ஒரு பொட்டலம் சுண்டலுமே. எனவே 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், கடற்கரை அருகே எளிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நான்கு இரவுகள் தங்கி வருவதென்று முடிவு செய்தோம்.

நாள் குறிப்பதே முதல் சிக்கல். எங்கள் வீட்டில் இன்றும் ஒரு குழித்தறி உண்டு, அண்ணன் நெய்கிறார். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவைகள் இறங்கும். மூன்றாவது புடவையை அறுத்து எடுத்ததும், பழைய பாவின் நுனியில் உள்ள ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைத் திரித்துப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், பொறுமையும் கண்பார்வையும் வேண்டிய வேலை. ஆகவே பட்டு நெசவாளர் குடும்பத்துக்கு விடுமுறை என்பது நாட்காட்டியில் இல்லை. ஒரு பாவு முடிந்து மறு பாவு வந்து சேரும் இடைவெளியில்தான் இருக்கிறது. எங்கள் நல்லகாலம், அந்த இடைவெளி மே மாதம் இரண்டாம் வாரத்தில் அமைந்தது. மே 9, வியாழக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை திரும்புவது என்று தீர்மானித்தோம்.

இரண்டாவது சிக்கல் அம்மா.

"நான் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள்" என்றார்கள். முழங்கால் வலி என்றார்கள், வீட்டுக்குக் காவல் யார் என்றார்கள். உண்மைக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1969 பிப்ரவரியில் அறிஞர் அண்ணா மறைந்து மெரினாவில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, அவர் பிறந்த இந்த ஊரிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் அந்நினைவிடத்தைப் பார்க்கச் சென்று வந்தார்கள். மறு ஆண்டு அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, நண்பர்களோடு அப்படிச் சென்றார். வயது பதினேழு. நினைவிடத்தைப் பார்த்துவிட்டுக் கடலில் கால் நனைக்க இறங்கியவர் மறுநாள்தான் கரை ஒதுங்கினார். அதன் பிறகு எத்தனையோ முறை சென்னை சென்றும் அம்மா கடற்கரைப் பக்கம் திரும்பியதில்லை. கோர்வைப் புடவைக்குக் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளத் துணையாள் வேண்டும். நாற்பது ஆண்டுகள் அப்பாவுக்குத் துணையாக அம்மாதான் தறியருகே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் தம்பியைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

கடைசியில் அம்மாவை இசைய வைத்தது எங்கள் வாதத் திறமையன்று. "பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளமாட்டீர்கள், கைப்பேசியைத்தான் பார்ப்பீர்கள். நானே வருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்கள்.

இனி வீடு தேடிய கதை. சென்னை என்றதும் எல்லார் மனத்திலும் மெரினாவே எழும். 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த உலாச்சாலை அது. ஆனால் முதியோருடன் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகம் கட்டப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து கடல் நீரோட்டம் கொண்டுவரும் மணல் அதன் தென்புறம் தேங்கித் தேங்கி, மெரினாவின் மணற்பரப்பு மிக அகன்றுவிட்டது. சாலையிலிருந்து அலை வரை மணலில் நடப்பதற்குள் முழங்கால் நோவுள்ளவர் சோர்ந்துவிடுவார். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் அங்கே மரப்பலகைப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சிதைக்க, பின்னர் சீரமைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆயினும் மெரினாவை அண்டிக் குறைந்த வாடகையில் குடும்பத்தோடு தங்கச் சமையலறையுள்ள வீடு எங்களுக்கு அகப்படவில்லை. அம்மாவை மெரினாவில் கொண்டுபோய் நிறுத்தும் துணிவும் எங்களுக்கு இல்லை.

ஆகவே பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையைத் தேர்ந்தோம். அங்கே மணற்பரப்பு சிறியது. சாலையோரச் சுவரில் உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம். அன்னை வேளாங்கண்ணி ஆலயம் நடை தூரத்தில் இருப்பதால் ஞாயிறு திருப்பலிக்கு வண்டி தேட வேண்டியதில்லை. (ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை அங்கே தங்க நினைப்போர் வெகு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்க, அந்நாட்களில் நடந்தே வரும் மக்களால் தெருக்கள் நிறைந்துவிடும்.)

நாள் வாடகைக்கு விடும் ஃபிளாட்டுகளின் படங்கள் இக்காலத்தில் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. படங்களை நம்பி முன்பணம் அனுப்ப இருந்தோம். அண்ணி தடுத்தார்கள். "புடவை வாங்குகிறவர்கள் முந்தானையை மட்டும் பார்த்துவிட்டா வாங்குகிறார்கள்?" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பளித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் இருவர் நேரில் சென்று பார்த்தோம். கடல் தெரியும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட முதல் வீட்டில் கடல் தெரிந்தது உண்மைதான். ஆனால் குளியலறைச் சன்னலில், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் மாமரத்துக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு. மூன்று நிமிட நடை என்றார்கள். எங்கள் நடையில் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பல நாட்களாக ஓடவில்லை என்று காவலாளி மெல்லச் சொன்னார். அம்மாவை அங்கே ஏற்றியிருந்தால் நான்கு நாளும் கீழே இறங்கியிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது பார்த்த வீடு தரைத்தளம். கடல் தெரியாது, ஆனால் இரவில் அலையோசை கேட்கும். இரண்டு அறைகள், நான்கு பாய்கள், இரண்டு கட்டில்கள், ஒரு எரிவாயு அடுப்பு. கொசுவலை அடித்த சன்னல்கள். மேல்நாட்டு முறைக் கழிப்பறை ஒன்று இருந்தது. முழங்கால் வலி உள்ளோர் வீட்டில் இதை முதலில் கேட்க வேண்டும், ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்கிறோம். குழாய் நீர் உப்புக் கரித்தது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது இயல்பே. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் யார் கொண்டுவருவார்கள், என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். மின்சாரக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதையும், வர இயலாமற் போனால் முன்பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

எல்லாம் ஒழுங்காகிப் பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் அந்தச் செய்தி வந்தது. மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் கொந்தளிக்கும் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. எங்கோ தொலைவில் நடுக்கடலில் வீசும் காற்றால் எழும் பெருஅலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் திடீரெனக் கரையேறுகின்றன. "கள்ளக்கடல்" என்று மீனவர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமானது! தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பயணத்தைக் கைவிடலாமா என்று அன்றிரவு வெகுநேரம் பேசினோம். முன்பணம் போனால் போகட்டும் என்று அண்ணன் சொன்னார்.

காலையில் அம்மா, அரிசியும் உளுந்தும் ஊறவைத்திருப்பதைக் கண்டோம். மிளகும் சுக்கும் இட்டு வேகவைக்கும் எங்கள் ஊர் இட்லி இரண்டு நாள் கெடாது. பயணத்துக்குத்தான் ஊறவைத்திருந்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்கள்: கடலில் யாரும் குளிக்கக்கூடாது, கணுக்காலுக்கு மேல் நீர் ஏறக்கூடாது.

செங்கற்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினோம். காசு குறைவு, முதியோருக்குப் பேருந்தைவிட உடம்புக்கும் இதம். பரங்கிமலை நிலையத்தில், தோமையார் உயிர்நீத்ததாக மரபு கூறும் மலையைச் சன்னல் வழியே பிள்ளைகளுக்குக் காட்டினோம். அடுத்த நிலையமான கிண்டியில் இறங்கி இரண்டு ஆட்டோக்களில் வீடு சேர்ந்தோம்.

அம்மா பட்டுப் புடவை எதையும் எடுத்துவரவில்லை. நூல் புடவைகள் நான்கு மட்டுமே. வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகைக்கு உப்புக்காற்று பகை என்பது அவர்கள் கணக்கு.

அன்று மாலை பிள்ளைகள் கடலைக் கண்டதைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் போலக் கத்தினார்கள், ஓடினார்கள், நனைந்தார்கள். அம்மா சுவரில் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியுமுன் எழுந்து ஊரூர்க் குப்பம் பக்கம் நடந்தோம். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள காலம்; சிறு படகுகள் மட்டும் வந்து ஒதுங்கின. நெத்தலியும் சங்கராவும் வாங்கினோம். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தோம். வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், கடலில் எந்த இடம் அபாயம் என்று கேட்டோம். அலை உடைகிற இடங்களைவிட, இரண்டு அலைகளுக்கு நடுவே அலையே இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடந்தான் அபாயம் என்று கைநீட்டிக் காட்டினார். கரைக்கு வந்த நீர் முழுவதும் அந்த வாய்க்கால் வழியாகவே திரும்பிப் போகிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார், பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும் என்றார். புதியவர்கள் அமைதியான இடம் என்று தேடிப் போய் அங்கேதான் இறங்குகிறார்கள் என்றும் சொன்னார். அம்மா அவரிடம் அதை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார்கள்.

எலியட்ஸ் கடற்கரை மணலில் வெள்ளை நிறத்தில் ஒரு நினைவு மண்டபம் நிற்கிறது. திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை மாலை அதன் நிழலில் அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கல்லில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அண்ணன் மகள் படித்துப் பொருள் சொன்னாள்: ஷ்மிட் என்பவர், 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காப்பாற்ற உதவுகையில் இவ்விடத்தருகே மூழ்கி இறந்தார். டென்மார்க் நாட்டவர்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இவனுக்கு அக்கா யாராவது இருந்தார்களா?" என்று கேட்டார்கள்.

"தெரியவில்லை, ஆயா" என்றாள் பெண்.

அம்மா எழுந்து, பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்கள். நாங்கள் யாரும் பின்தொடரவில்லை. அண்ணன் மட்டும் பத்தடி தள்ளி நடந்தார். ஈரமணலில் நின்றார்கள். அலை வந்து கணுக்காலைத் தொட்டுத் திரும்பிற்று. நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்கள். எத்தனை நிமிடம் நின்றார்களோ, இருட்டிய பிறகே திரும்பினார்கள். அன்றிரவு, சின்ன மாமா ஊதுகிற புல்லாங்குழலைப் பற்றியும், பாவு விரிக்கும் தெருவில் அதிகாலையில் அவர் கஞ்சிப்பானையைக் கவிழ்த்து அடி வாங்கியதைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அவையெல்லாம் நாங்களே அதுவரை கேளாத கதைகள்.

ஞாயிறன்று திருப்பலியில் மாமாவின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்டோம். நண்பகலின் வெக்கையில் வீட்டுக்குள் அடைந்திருந்து, பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் வெளியே வந்தோம். திங்கட்கிழமை காலை வீட்டைப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்தபோது, பாயில் படிந்த மணலுக்காக எங்களிடம் யாரும் கூடுதல் காசு கேட்கவில்லை.

புதன்கிழமை புதிய பாவு வந்தது. அண்ணனும் அண்ணியும் பிணைக்க உட்கார்ந்தார்கள். கண் தெரியவில்லை என்று இரண்டு ஆண்டுகளாக ஒதுங்கியிருந்த அம்மாவும் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். எதிர்வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து, "கடல் எப்படி இருந்தது, அக்கா?" என்று கேட்டார்.

"காற்று நல்ல காற்று. சரிகைக்குத்தான் ஆகாது" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த இழையை எடுத்தார்கள்.