ஏழும் பதினேழும்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று நண்பர்கள் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். காதல் கவிதை ஏற்கனவே நிறைய வந்துவிட்டதாம். அதனால் நான் மாட்டிக்கொண்ட கதையை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை.

எனக்கு ஊர் கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை. அப்பா லாரிக்குப் பூண்டு மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான்.

நான்காம் செமஸ்டர் லீவில் கோவையில் ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாமே) இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். சர்வர் ரூமில் மலைக்காரனான எனக்கே குளிர் தாங்கவில்லை. நம் லேபில் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். அங்கே டிஸ்க்குகள் எல்லாம் தனிப் பெட்டியில், சர்வர்கள் வேறு பெட்டியில். நடுவில் ஃபைபர் சேனல் ஸ்விட்ச். ஒவ்வொரு போர்ட்டும் ஒரு வாசல். சர்வரோ டிஸ்க் பெட்டியோ வந்து சேரும் வாசலுக்கு எஃப் போர்ட் என்று பெயர். இன்னொரு ஸ்விட்சுடன் கைகோர்க்கும் வாசல் ஈ போர்ட். வேகத்தை இரண்டு முனையிலும் ஒத்துப்போகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு பக்கம் 8 ஜிகாபிட், மறுபக்கம் 16 என்று பிடிவாதமாகக் கட்டி வைத்தால் இணைப்பே வராது.

புத்தகத்தில் எனக்குப் புரியாமல் இருந்தது கிரெடிட் சமாச்சாரம். அனுப்புகிறவன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. வாங்குகிறவன் இத்தனை ஃபிரேம் தாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவான். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்த பிறகு, ‘தயார்’ என்று ஒரு சிக்னல் கொடுப்பான். சார் விளக்கும்போதே எனக்கு லாரி ஞாபகம் வந்துவிட்டது. மேலே நிற்கிறவர் ‘போடு’ என்று குரல் கொடுத்தால்தான் அப்பா அடுத்த மூட்டையைத் தூக்குவார். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அப்பா என்ன செய்கிறார் என்று சார் முதல் நாள் கேட்டதற்கு ‘விவசாயம்’ என்று சொல்லியிருந்தேன்.

தூரம் கூடினால் கிரெடிட்டும் கூட வேண்டும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட். பழனியிலிருந்து கொடைக்கானல் ரோடு ஏறத்தாழ 64 கிலோமீட்டர், ஒளிக்கு 320 மைக்ரோ செகண்ட். (நம்ம பஸ்ஸைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.) 2 ஜிகாபிட் வேகத்தில் கிலோமீட்டருக்கு ஒரு கிரெடிட் என்று வைத்தால் 64 வேண்டும், 8 ஜிகாபிட் என்றால் 256. குறைந்தால் அனுப்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

இனி அந்த நாள். பழைய சர்வர் ஒன்றைக் கழற்றியிருந்தார்கள். “தம்பி, பதினேழாம் போர்ட்டை ஷட்டவுன் பண்ணிடு, டீ குடிச்சிட்டு வர்றேன்” என்று சார் போய்விட்டார். முதல் தடவையாக நிஜ ஸ்விட்ச். நான் அடித்தது 1/7. எண்டர் தட்டியதும் ஒரு பச்சை விளக்கு மஞ்சளாக மாறியது. வயிறு கலங்கிவிட்டது. ‘நோ ஷட்டவுன்’ என்று அடிப்பதற்குள் மூன்று தடவை எழுத்துப் பிழை. விளக்கு மறுபடி பச்சையானபோது சட்டையெல்லாம் வியர்வை, அந்தக் குளிரிலும்.

யாரும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனது ஏனோ நினைவுக்கு வந்தது. 1899ல் தொடங்கிய இடம், 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். நூறு வருஷத்துச் சூரியனும் இப்படி ஒரு வாசலுக்குப் பின்னால்தானே இருக்கும், என்னை மாதிரி ஒருத்தன் தப்பு நம்பர் அடித்தால்?

சொன்னால் சர்டிபிகேட் போகும், அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று பத்து நிமிஷம் மனசுக்குள் போராட்டம். சார் வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் பேசவில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஏழாம் போர்ட் மூடியதும் திறந்ததும் மணி, நிமிஷம், செகண்டோடு இருந்தது. நல்லவேளை, அந்த சர்வருக்கு இன்னொரு ஸ்விட்ச் வழியாகவும் பாதை இருந்ததால் வேலை நிற்கவில்லை. “இதுக்குத்தான் எப்பவும் ரெண்டு வழி வைக்கிறது” என்றார். அப்புறம் கேட்டார், “ஏழாம் போர்ட்ல எந்த சர்வர்னு ஸ்கிரீன்ல எங்கயாவது எழுதியிருந்துச்சா?” இல்லை. 48 போர்ட்டிலும் ஒன்றிலும் பெயர் இல்லை. அதை எழுதுவதுதான் எனக்குத் தண்டனை. இரண்டு நாள் ஒவ்வொரு கேபிளாகத் தடவிப் பார்த்து, எந்தப் போர்ட்டில் யார் என்று டிஸ்கிரிப்ஷன் போட்டேன். சேமிக்காமல் விட்டால் ஸ்விட்சை அணைத்துப் போட்டதும் அத்தனையும் போய்விடும். நல்லவேளை, அதை மறக்கவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், நம்பர், விளக்கு என்று எனக்குத் தெரிந்த மாதிரி. பொறுமையாகக் கேட்டார். அவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் வடுகபட்டி சந்தைக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையிலும் நீல மையில் ஒரு குறி போடுவார், வியாபாரிக்கு ஒரு குறி. ஒரு தடவை குறி இல்லாத மூட்டை வேறு கடைக்குப் போய், கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

“அம்புட்டுப் பெரிய கம்பெனி, அடையாளம் போடாமலா வச்சிருந்தாங்க?” என்றார் அப்பா.

மறுநாள் சார் கேட்காமலேயே அவரிடம் சொன்னேன், எங்கப்பா மூட்டை தூக்குகிறவர் என்று.