வலம் இடம் வலம் வலம்

கொட்டுச் சத்தம் கேட்காத ஒரு வாரம் கொழும்பில் எங்கள் கொம்பனித்தெருவில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். திருவிழா தொடங்கினால் காலையும் மாலையும் தவில். மலே வீதிப் பக்கம் கல்யாணம் என்றால் ரபான். நோன்பு காலத்தில் சஹருக்கு ஆட்களை எழுப்ப, விடியப்புறத்திலேயே ரபானைத் தட்டிக்கொண்டு பாவாமார் வருவார்கள். சித்திரை பிறந்தால் சிங்கள வீடுகளில் பெரிய ரபானைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பேரை வாவிக்கு அந்தப் பக்கம் கங்காராம விகாரை. 1979இல் அங்கே நவம் பெரஹர தொடங்கியபோது நான் சின்னப் பெடியன். அதற்குப் பிறகு பெப்ரவரி என்றாலே எனக்கு அந்தப் பெரஹரதான்.

இத்தனைக்கும் நடுவில் நான் ஆசைப்பட்டது இவற்றில் ஒன்றுக்கும் இல்லை. ஜாவா லேனிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், பழைய சாரத்துணி போர்த்தி, ஒரு வீட்டு விறாந்தையில் வைத்திருந்த ட்ரம் செட்டில்தான் என் கண் இருந்தது.

அந்த வீட்டுக்காரர் மலாயர். எங்களுக்கெல்லாம் அவர் அங்கிள். வாரநாளில் துறைமுகத்தில் வேலை, சனி ஞாயிறு வந்தால் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஒரு பேண்டில் ட்ரம்ஸ். வேனில் ஏற்றுவதற்காக அவர் செட்டைக் கழற்றும்போது நாங்கள் மூன்று நாலு பேர் படியில் நின்று பார்ப்போம். பெரிய ட்ரம்மை இரண்டு பேர் தூக்குவார்கள். சிம்பல்களை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். துணியில் சுற்றி, தானே மடியில் வைத்துக்கொண்டு வேனின் முன் சீட்டில் போவார். தொட்டுப் பார்க்கக் கேட்கவே எனக்குப் பயம். கடைசியில் கேட்டது என் அம்மாதான். பாண் வாங்கப் போகிற வழியில் வாசலில் நின்று, "இவன் சாப்பாட்டுக் கோப்பையில எல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறான். நீங்கள் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ" என்றார். அங்கிள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழம அசருக்குப் பிறகு வாங்க மகன்" என்றார்.

எல்லாச் சனியும் அதே நேரந்தான். அசர் தொழுகை முடிந்து மஃரிப் வரைக்கும். வேகந்தைப் பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொல்லத் தொடங்கினால், எந்த அடியில் இருந்தாலும் குச்சியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒழுங்கையில் அண்டை வீட்டுக்காரர் எல்லாரோடும் அவர் பேசி வைத்திருந்த நேரம் அது. யாருக்காவது காய்ச்சல் என்றாலோ, வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தாலோ, அந்தச் சனி ரப்பர் பலகையில் மட்டுந்தான் அடிப்போம்.

அந்த ரப்பர் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் நாள் அங்கிள் என்னை ட்ரம் செட்டுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. ஒரு துண்டுப் பலகையில் பழைய டயர் ரப்பரை ஆணி அடித்துப் பொருத்தி வைத்திருந்தார். அதையும் ஒரு சோடிக் குச்சியையும் என் மடியில் வைத்தார். குச்சி இங்கேயே கடைச்சல் பட்டறையில் கடைந்தது. 1977 வரை இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டில் வெளிநாட்டுக் குச்சி கிடைப்பது அபூர்வம், சாமான் வரத் தொடங்கிய பிறகும் அவர் அந்தப் பட்டறைக் குச்சியைத்தான் விரும்பினார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், குச்சியின் மூன்றில் ஒரு பங்கு பின்னால் இருக்கும்படி பிடித்து, மற்ற விரல்களை இலேசாகச் சுற்றிவிடவேண்டும். நான் இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தேன். புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அடிப்பார்கள். "அடிக்காதீங்க மகன். விழ விடுங்க. அது தானா எழும்பும்."

அந்த ஒரு வார்த்தை கைக்கு விளங்கப் பல வாரம் பிடித்தது. குச்சி ரப்பரில் விழுந்ததும் ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை விரல் தடுக்காமல் விட்டால் இரண்டாவது அடி சும்மா கிடைக்கும். இறுக்கினால் செத்துவிடும். வேகம் என்று நாம் பார்த்து வியப்பதில் பாதி, குச்சி தானாக எழும்புவதுதான். மற்றப் பாதி பொறுமை. ஒரு கையில் இரண்டு அடி, மறு கையில் இரண்டு அடி. அது சீராக வந்த பிறகு அங்கிள் அடுத்ததைத் தந்தார்: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். உலகமெங்கும் ட்ரம்ஸ் பழகுகிறவர்கள் பரடிடில் என்று சொல்லும் அடி. நாலு அடிக்கு ஒருமுறை கை தானாக மாறிவிடும், முதல் சுற்று வலது கையில் தொடங்கினால் அடுத்தது இடது கையில். வலக்கைக்காரனின் இடக்கையை வேலைக்குப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்கு இன்றைக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகும்போது தொடையில் தட்டுவேன். ரயில் கடவையில் கதவு திறக்கக் காத்திருக்கும்போது புத்தகப் பையில் தட்டுவேன்.

இந்த அடிகள் எல்லாம் மேற்கில் படையோடு நடந்த முரசுக்காரரிடமிருந்து வந்தவை. தோளில் தொங்கும் முரசில் அடித்துக்கொண்டு நடந்தவர்கள் பழகிய பாடம், பிறகு நாட்டியக் கூடத்துக்கும் ஜாஸுக்கும் வந்தது. அங்கிளின் முன்னோரும் படைக்காரர்கள்தான். மலாயர் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவை பிரித்தானியர் 1873இல் கலைத்தார்கள். படை போய் ரைபிள் வீதி என்ற பெயர் எங்கள் பகுதியில் நின்றுவிட்டது. வலம் இடம் சொல்லித் தரும்போது அங்கிளின் முதுகு தானாக நிமிரும். அதை அவர் கவனித்தாரோ தெரியாது, நான் கவனித்தேன்.

கைகூட ஒருவிதமாக வந்துவிட்டது. என்னை அழவைத்தது கால். ட்ரம் செட்டில் நான்கு உறுப்புக்கும் வேலை உண்டு. வலது கால் பெரிய ட்ரம்மின் பெடலில், இடது கால் ஹை-ஹாட் பெடலில், வலது கை ஹை-ஹாட் சிம்பலில், இடது கை ஸ்னேர் ட்ரம்மில். மிகச் சாதாரண அடியில் வலது கை எட்டுத் தட்டு தட்டும். கால் ஒன்றிலும் ஐந்திலும் இறங்கும். இடது கை மூன்றிலும் ஏழிலும் விழும். தாளில் எழுதினால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். உட்கார்ந்து பார்த்தால் கால் இறங்கும்போதெல்லாம் இடது கையும் கூடவே விழும். காலை நிறுத்தினால் வலது கையும் நின்றுவிடும். உடம்பு ஒன்றாகவே அசையப் பழகியது, அதைப் பிரித்து நாலு பேராக ஆக்கவேண்டும். அங்கிள் பெடலைக் கழற்றி எடுத்துவிட்டு, "வெறும் தரையில மிதிங்க, கை வேணாம்" என்பார். பேந்து கை மட்டும். பேந்து இரண்டும், ஆனால் மிக மிக மெதுவாக. மெதுவாக அடிப்பதுதான் கடினம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது என் அப்பா. அப்பா யாழ்ப்பாணத்தார், கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். அவருக்குத் தாளம் என்றால் அளவெட்டி தட்சணாமூர்த்திதான். 1975இல் மறைந்த அந்தத் தவில் மேதையின் வாசிப்பை ஊர்க் கோயில் வீதியில் விடியவிடிய இருந்து கேட்டவர். ட்ரம்ஸை அவர் பெரிதாக மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு நாள் நான் தரையில் மிதித்துக்கொண்டும் தலையணையில் அடித்துக்கொண்டும் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தவில்காரர் முதல்ல வாயாலதான் படிக்கிறவை. கை பேந்துதான். சொல்லு வாயில நிக்காட்டி கையில எப்பிடி நிக்கும்?"

அடுத்த கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தவில்காரருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். அதுவரை தூரத்துச் சத்தமாகக் கேட்டதை அன்றைக்குத்தான் கிட்ட நின்று கண்டேன். வலது கை விரல்களில் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி இறுகக் காயவைத்த கூடுகள். இடது கையில் பூவரசங்கழி. ஒரு கை விரல், ஒரு கை குச்சி, இரண்டும் வேறு வேறு பேச்சுப் பேசின. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தகதிமி, தகஜுணு, தகிட என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வாசித்தார். நான் வீட்டுக்கு வந்து என் எட்டுத் தட்டுக்கும் சொல் வைத்தேன். கால் இறங்கும் இடத்துக்கு 'த', இடது கை விழும் இடத்துக்கு 'தி'. தகதிமி தகதிமி. வாய் ஓடத் தொடங்கியதும் கால் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்தது. அடுத்த சனி அங்கிளின் முன்னால் அடித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பெடலைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் பைலா. கொழும்பில் ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்குப் பைலா வராவிட்டால் ஒரு கல்யாண வீட்டிலும் வேலை இல்லை. ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்தும் பாட வைத்திருந்த காலம். நித்தி கனகரத்தினம் போன்றவர்களின் தமிழ்ப் பொப் பாடல்கள் வானொலியில் போய்க்கொண்டிருந்தன. பைலாவின் கணக்கு ஆறு. தகிட தகிட. வலது கை ஆறையும் தட்டும், கால் முதல் 'த'வில் இறங்கும், இடது கை இரண்டாவது 'த'வில் விழும். இதில் நின்றால் அது வெறும் ஓட்டம். பைலாவின் குறும்பு எங்கே இருக்கிறது என்றால், அதே ஆறை தக தக தக என்று மூன்று இரண்டாகவும் எண்ணலாம். பாடுகிறவர் ஒரு கணக்கில் போக, தாளம் சட்டென்று மற்றக் கணக்குக்குச் சாய்ந்து திரும்பும். அந்தச் சாய்வில்தான் கிழவிகளும் கதிரையை விட்டு எழும்புகிறார்கள். அங்கிள் ஒரு கையால் மூன்றையும் மறு கையால் இரண்டையும் என் முதுகில் தட்டிக் காட்டுவார். கண்ணால் பார்த்து விளங்காதது முதுகுக்கு விளங்கியது.

பைலாவை இந்த நாட்டில் பரப்பியவர் என்று எல்லாரும் சொல்வது பொலிஸில் வேலைபார்த்த வொலி பஸ்தியனை. அதன் வேர் இன்னும் ஆழம். போர்த்துக்கேயரின் பாட்டும், அவர்கள் காலத்திலும் பின்னரும் இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் கலந்தது அது. ஒல்லாந்தர் தங்கள் ஆபிரிக்க அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் எங்கள் கொம்பனித்தெருதான். சுற்றிவர வாவி, வாவியில் முதலை. இதைப் பெரியவனான பிறகுதான் வாசித்து அறிந்தேன். அறிந்த நாளிலிருந்து அந்த ஆறு அடியை நான் வெறும் கொண்டாட்டமாகக் கேட்டதில்லை. இரவு முழுக்கப் பூட்டிக் கிடந்த மனிதரின் தாளம் இன்றைக்கு இந்த நாட்டில் எல்லா இனத்தாரையும் எழுப்பி ஆட வைக்கிறது.

பெரஹரவையும் நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தேன். மற்றப் பிள்ளைகள் யானையைப் பார்த்தார்கள். நான் தம்மெட்டமக்காரர்களைப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய சோடிக் கொட்டு, ஒன்று பெரிது ஒன்று சிறிது. கையில் நுனி வளையமாக வளைத்த இரண்டு குச்சி. ட்ரம் செட்டுக்கு எத்தனையோ காலம் முந்தியே, இரண்டு குச்சியால் இரண்டு சுருதியைப் பேச வைத்த மனிதர்கள் எங்கள் வாவிக் கரையால் நடந்து போனார்கள். கெட்டபெரக்காரர் வெறும் கையால் அடித்துக்கொண்டே சுழன்று ஆடினார்கள். உட்கார்ந்து அடிக்கும்போதே கால் பிசகிய எனக்கு, ஆடிக்கொண்டு அடிக்கும் அந்த மனிதர்கள் மீது வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

83 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் ரியோ தியேட்டர் எரிந்தது. 1965இல் திறந்த தியேட்டர், அப்பாவோடு எத்தனையோ படம் பார்த்த இடம். நாங்களும் யாழ்ப்பாணம் போனோம். ரப்பர் பலகையும் குச்சியும் கூட வந்தன. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அங்கிள் இல்லை, குடும்பம் வேறு இடம் போய்விட்டது. பிற்பாடு நகர அபிவிருத்தி என்று சொல்லி அந்தப் பகுதியில் ஒழுங்கை ஒழுங்கையாக இடித்தார்கள். இருந்தவர்கள் மாடி வீடுகளுக்குப் போனார்கள். அது சரியா பிழையா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை பிழை. ஒரு பிள்ளை தப்புத்தப்பாகக் கொட்டுவதை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்ட அயலை ஒரு கட்டடத்துக்குள் அடுக்கித் திரும்ப உண்டாக்க முடியாது.

இன்றைக்குக் காதில் ஹெட்போன் மாட்டி அடிக்கும் மின்சார ட்ரம்ஸ் இருக்கிறது. நல்லதுதான், மாடி வீட்டில் வேறு வழி இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு ட்ரம்ஸ் பழக்க நினைக்கிற அப்பா அம்மாவிடம் நான் கேட்டுக்கொள்வது இது. முதல் வருடம் செட் வாங்காதீர்கள். ஒரு ரப்பர் பலகையும் ஒரு சோடிக் குச்சியும் போதும். சொல்லை வாயால் சொல்லப் பழக்குங்கள். கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். பெப்ரவரியில் வாவிக் கரைக்குக் கூட்டிப் போய் அந்தச் சோடிக் கொட்டைக் காட்டுங்கள். பிறகு செட் வாங்குங்கள். வாங்குகிற அன்றைக்கே கீழ் வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் போய், எந்த நேரத்தில் அடித்தால் அவர்களுக்குச் சரி என்று கேட்டு வையுங்கள். அந்த நேரத்தைப் பிள்ளைக்குச் சொல்லி, அதை மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.